பட்டாளத்து லாரியின் கை பிரேக்

மாமனார் வீட்டில் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லத் தெரியாத மருமகன் உருப்பட மாட்டான். நான் உருப்படவில்லை.

என் மச்சினன் செந்தில், பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து, திருநகர் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுவதாகத் திட்டம். எல்லாம் சரி, கை பிரேக் மட்டும் இல்லை. நான் ஸ்கூட்டர் உதிரிபாகக் கடையில் பில் போடுகிறவன். (பில்தான், பிரேக் இல்லை.) மாமனார் என்னைப் பார்த்து, "மாப்ள இருக்கையில நமக்கென்ன கவலை" என்றார். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டிவைத்தேன்.

அன்றிலிருந்து பயம். கண்ணை மூடினால் அந்த லாரி தெருவில் உருண்டு வந்தது. மதுரையில் நான் ஏறி இறங்காத லாரி பார்ட்ஸ் கடை இல்லை. பட்டாளத்து வண்டி என்றதும், பட்டாளத்திலேயே போய்க் கேளுங்கள் என்றார்கள். கடைசியில் வில்லாபுரம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில், அதே ரகத்து லாரி ஒன்று பாதி உடைபட்டுக் கிடந்தது. அதிலிருந்து கழற்றி வந்த லிவர், டிரம், ஷூ எல்லாவற்றையும் மெக்கானிக் மாட்டிக் கொடுத்தார். இழுத்த லிவரைப் பிடித்து நிறுத்தும் சின்னக் கொக்கி மட்டும் எங்கேயும் அகப்படவில்லை. அதாவது, கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் பிரேக். விட்டால் போச்சு. இதை வீட்டில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வண்டியைக் கியரில் போட்டு, முன்சக்கரங்களுக்கு அடியில் கருங்கல்லைக் கொடுத்துவிட்டு, கொக்கி தேடி அலைந்துகொண்டிருந்தேன்.

அதற்குள் பூஜைக்கு நாள் குறித்துவிட்டார்கள். திருப்பரங்குன்றத்தில் சரிவான ஒரு தெருவில், பள்ளத்தைப் பார்த்தபடி லாரி நின்றது. கல்லை நானே வைத்துவிட்டு மாலை வாங்கப் போனேன். வருவதற்குள் மாமனார் கற்களை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, அதே இடத்தில் எலுமிச்சம்பழங்களை வைத்திருக்கிறார். (நல்ல காரியத்தில் கல் கிடக்கலாமா என்பது அவர் நியாயம்.) அது தெரியாமல் நான் ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்வதற்காகக் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன்.

லாரி நகர்ந்தது. பழங்கள் நசுங்கின. இன்ஜினே போடாமல் வண்டி கிளம்பியதைப் பார்த்து மாமியார் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். முன்னால் மாமனார் குனிந்து கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். கை பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து, பின்னால் சாய்ந்து இழுத்தேன். நின்றது. பம்பருக்கும் மாமனார் தலைக்கும் நடுவே ஒரு தேங்காய் போகும், அவ்வளவுதான் இடம். பிடி தளரத் தளர லிவர் இளகியது. லாரி இன்னும் கொஞ்சம் ஊர்ந்தது. தள்ளிப் போங்கள் மாமா என்று கத்தக்கூடத் தோன்றாமல் லிவரையே இழுத்துக்கொண்டிருந்தேன்.

செந்தில் ஓடிவந்து அவரை அப்பால் இழுத்துவிட்டு, சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்தான். மாமனார் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வண்டிக் கதவருகே வந்தார். என் காலைப் பார்த்தார்.

"ஏன் மாப்ள, கால் பிரேக்கையுமா கழட்டிப்புட்டீங்க?"

அது அங்கேதான் இருந்தது. நன்றாகவே பிடிக்கும். கை பிரேக்கையே நினைத்து நினைத்துப் பயந்ததில், காலுக்கும் ஒரு பிரேக் உண்டு என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

கொக்கியை அப்புறம் செந்தில் ஒரு லேத் பட்டறையில் செய்து வாங்கிவிட்டான். (அப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.) போன மாதம் அவன் மகளின் மூன்று சக்கர சைக்கிளுக்கு வீட்டுக்குள்ளேயே பூஜை போட்டார்கள். நான் சோபாவில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். மாமனார் சுவரோரமாக ஒதுங்கி நின்றுகொண்டு, "மாப்ள எங்கன உக்காந்துருக்காருன்னு பாத்துட்டுக் கற்பூரத்த ஏத்துங்கப்பா" என்றார்.