பேத்தி இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறாள்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
ஆகஸ்ட், 2008

மதிப்பிற்குரிய ஆரணி சம்பந்தி ஏழுமலை அவர்களுக்கு,

சின்னசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள். இங்கு நலம் கொஞ்சம் கம்மி. போன் செய்தால் நம் பேத்தி கவியா தங்களைப் பார்த்துத் "தாத்தா" என்று கூப்பிட்ட கதையை மறுபடியும் முதலிலிருந்து சொல்வீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

மெல்போர்னில் இருக்கும் தங்கள் மகள் தென்றலும் என் மகன் சரவணகுமாரும் பாப்பாவின் முதல் பிறந்தநாள் வீடியோவை இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டு, நம் இரண்டு வீட்டுக்கும் சேதி சொன்னார்கள். தாங்கள் உடனே அங்கேயே ஓடவிட்டுப் பார்த்துவிட்டீர்கள். நான் டவுன்லோடு செய்துதான் பார்ப்பேன் என்றேன். சரவணகுமார் படித்துப் படித்துச் சொன்னான். "அப்பா, டவுன்லோடுன்னா முழுசா வந்து சேந்தாத்தான் தொறக்கும். ஸ்ட்ரீமிங்னா வர வரப் பாத்துக்கினே இருக்கலாம். கம்ப்யூட்டர்ல எடமும் அடைக்காது." பார்த்ததும் போய்விடும் என்றால் நமக்கென்று என்ன மிச்சம்? நாம் ரெண்டு பேரும் இன்னும் கையில்கூட வாங்காத குழந்தை. மகன்தான் வரேன் வரேன்னு சொல்லிட்டு வரல, பேத்தியாவது வீட்டோடு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அன்று பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்த என் மைத்துனி பாஞ்சாலையின் குடும்பம் மொத்தமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்தது. காபி கொடுத்தோம், டிபன் கொடுத்தோம். சரி, மலையைச் சுற்றிவிட்டே வந்துவிடுகிறோம் என்று கிளம்பினார்கள். அவ்வளவு தூரமும் நடந்து, அடி அண்ணாமலையில் உட்கார்ந்து சுண்டல் தின்று, கால் வீங்கித் திரும்பி வந்தால் கோடு பாதிகூடத் தாண்டவில்லை. அப்புறம் கரண்ட் போச்சு. வந்ததும் பார்த்தால் கோடு மறுபடி முதலிலிருந்து. மறுநாளும் அதே கதை, அதற்கு மறுநாளும் அதே கதை. ஸ்ட்ரீமிங் என்றால் நடுவில் கரண்ட் போனாலும் பார்த்த வரைக்கும் லாபம். எனக்குப் பேத்தியின் சுண்டுவிரல்கூடக் கிடைக்கவில்லை.

இதற்கு நடுவில்தான் தங்கள் போன். என் மனைவி வெள்ளையம்மாள் எடுத்தாள். படம் நின்று நின்று ஓடியதாம், சத்தம் கரகரவென்று இருந்ததாம், ஆனாலும் பாப்பா தாத்தா என்றது மட்டும் தங்களுக்குக் கேட்டதாம். போனை வைத்துவிட்டு வந்தவள், "கொழந்த கூப்புட்டிருக்கு. நம்மதான் அங்க இல்ல" என்றாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டில் சோறு வருகிறது, வாயிலிருந்து வார்த்தை வருவதில்லை. டிவியில் செய்தி வாசிக்கிறவர்தான் இந்த வீட்டில் என்னோடு பேசுகிற ஒரே ஆள்.

ஆகவே ஒத்துக்கொள்கிறேன் சம்பந்தி. ஸ்ட்ரீமிங்தான் உசத்தி. முதல் தாத்தா தாங்கள்தான். நான் ரெண்டாவதாவே இருந்துட்டுப் போறேன்.

அண்ணாமலையார் தங்கள் குடும்பத்துக்கு நீண்ட ஆயுளையும் எங்கள் தெருவுக்குப் போகாத கரண்டையும் தரட்டும். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
சின்னசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் வீடியோ முழுசாக இறங்கிவிட்டது. நானும் வெள்ளையம்மாளும் பார்த்தோம். டவுன்லோடில் சத்தம் அவ்வளவு சுத்தம். பாப்பா சொன்னது தாத்தா இல்லை சம்பந்தி. கையை ஆட்டி ஆட்டி "டாட்டா" என்கிறாள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டோம், டாட்டாதான். மேலே நான் ஒத்துக்கொண்டதை எல்லாம் அடித்துவிடவும். "ஆரணிக்குச் சொல்லாதீங்க, பாவம்" என்றாள் வெள்ளையம்மாள், இத்தனை நாள் கழித்து வாயைத் திறந்து. சொல்லக்கூடாது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் குழந்தை நம் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தானே டாட்டா சொல்லியிருக்கிறது. அதை நான் ஒருத்தனாக வைத்துக்கொள்ள முடியவில்லை.