பாட்டு வைக்க ஒரு பெட்டி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. சோப்புக்கட்டி அளவு ஆசைதான். லேப்டாப்பில் வயர் போட்டு மாட்டுகிற எஸ்.எஸ்.டி. லேப்டாப்பின் வயிறு நிறைந்துவிட்டால் மிச்சத்தை அதில் கொட்டி வைக்கலாம். கூட வேலை செய்கிறவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறார். அன்றிலிருந்து இவருக்குத் தன் சட்டைப்பை காலியாகவே தெரிந்தது.

கொட்டி வைக்க அவரிடம் இருந்தது பாட்டு. அவரே பாடியது. லிஃப்ட் ஓடுகிற கிணறு மாதிரியான இடத்தில் நின்று பாடினால் எந்தக் குரலும் கம்பீரமாகத் திரும்பி வரும். அதையெல்லாம் போனில் வீடியோவாகப் பிடித்து, வீட்டு லேப்டாப்பில் சேர்த்து வைத்திருந்தார். இருட்டில் முகம் தெரியாது. அது ஒருவகையில் நல்லதுதான்.

மனைவி தையல்காரி. அவளுடைய டிசைன் படங்களும் அதே லேப்டாப்பில்தான். அவள் தலையாட்டாமல் அந்த வீட்டுக்குள் ஒரு குண்டூசிகூட வராது.

"கீழே விழுந்தாலும் உடையாதும்மா."

"அதை எதுக்குங்க கீழே போடணும்?"

"போடணும்னு இல்ல. பழைய டிஸ்க்ல உள்ளே தட்டு சுத்தும். இதுல சுத்துறதுக்கே ஒண்ணும் கிடையாது."

"நம்ம ஃபேனும் அப்படித்தான் இருக்கு. மொதல்ல அதைப் பாருங்க."

"ரொம்ப வேகம்மா. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள காப்பி ஆயிடும்."

"அப்புறம்?"

"அப்புறம்... முடிஞ்சிரும்."

"மிச்ச நேரத்துல என்ன பண்ணப் போறீங்க? பாத்திரம் கழுவுவீங்களா?"

மெக்கானிக் கடைசி அஸ்திரத்தை விட்டார். "வேணும்னா மாட்டிக்கலாம். வேண்டாம்னா கழட்டிடலாம். அந்த வசதி வேற எதுல இருக்கு?"

"லேப்டாப்லதான் இடம் இருக்கே," என்று அவள் ஊசியில் நூலைக் கோத்தாள்.

இடம் இருந்தால்தானே? மறுநாள் அவள் துணி எடுக்கக் கடைக்குப் போன நேரத்தில் மெக்கானிக் லேப்டாப் முன் உட்கார்ந்தார். பாட்டுகளுக்கு ஒரு காப்பி. காப்பிக்கு ஒரு காப்பி. அப்படியே அடுக்கிக்கொண்டே போனார். இடம் காட்டுகிற கோடு சிவப்பாகும்வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் குரல் வந்தது. "ஏங்க, இடமில்லைங்குதே?"

"அடடா," என்று மெக்கானிக் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேன்."

"நீங்க வேலைக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்."

அன்று சந்தோஷத்தில் புதிதாக இரண்டு பாட்டு பாடினார்.

சாயங்காலம் வந்து லேப்டாப்பைத் திறந்தார். பாதி காலி. பாட்டு ஒன்றுகூட இல்லை. வெட்டிப்போட்ட துணிக் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என் பாட்டெல்லாம்?"

"அழிச்சிட்டேன். ஒரே பாட்டு ஆறு தடவை இருந்துச்சு. பாடிப் பாடித் திருத்தியிருக்கீங்களோன்னு ஒவ்வொண்ணா கேட்டுப் பாத்தேன். முன்னேற்றமே இல்ல."

ஆறும் காப்பி என்று எந்த வாயால் சொல்வார்? "பாப்பா பொறந்த சேதி வந்தப்ப பாடினேனே, அதுகூடவா?" என்றார். கண் கலங்கிவிட்டது.

அவள் மெஷினை நிறுத்தினாள். பட்டன் டப்பாவைத் திறந்து, பட்டன்களுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து அவர் கையில் வைத்தாள். சோப்புக்கட்டி அளவு. கறுப்பு. எஸ்.எஸ்.டி.

"இது எப்போ வாங்கினே?"

"போன வருஷமே. லேப்டாப் படுத்துட்டா என் டிசைனும் போயிடும், உங்க பாட்டும் போயிடும். நீங்க தாங்க மாட்டீங்க. எல்லாத்துக்கும் ஒரு காப்பி இதுல இருக்கு."

"அப்ப நான் அன்னைக்குத் தொண்டை கிழியச் சொன்னது?"

"அதைப் பத்திப் பேசும்போது மாப்பிள்ளைக் களை வந்துச்சு உங்க முகத்துல. எதுக்குக் கெடுப்பானேன்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

மெக்கானிக்குக்கு உயிர் வந்தது. வயரை மாட்டினார். பாப்பா பிறந்த அன்று பாடிய பாட்டு அறையெல்லாம் நிறைந்தது. குரல் மேலே ஏறியது, இன்னும் ஏறியது, உச்சிக்கு ஒரு மாடிதான் பாக்கி. சட்டென்று நின்றது.

வயர் அவள் கையில் இருந்தது.

"நீங்க சொன்னது சரிதாங்க," என்று அவள் பட்டன் டப்பாவை மூடினாள். "வேண்டாம்னா கழட்டிடலாம். ரொம்ப வசதி."