இரண்டாம் பாகம் விரைவில்

பத்திரிகை ஆசிரியர் துரைக்கண்ணு சென்னையிலிருந்து அனுப்பிய கார்டில் ஒரே வாக்கியம்தான் இருந்தது. 'உங்கள் பக்கத்தில் நான்கு வரி குறைகிறது, இன்றைய தபாலிலேயே அனுப்பவும்.'

வீரபத்திரன் அதைக் காஞ்சிபுரத்துப் பட்டுச் சங்கத்தில், புடவைகளுக்குச் சீட்டு எழுதும் மேஜையில் வைத்துப் படித்தார். 'ஆட்டப் பலகை' என்ற சதுரங்க மாத இதழில் பதினோரு வருஷமாக அவர் புத்தக மதிப்புரை எழுதிவந்தார். ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்று சொல்லும் புத்தகங்கள் மட்டும்தான் அவர் இலாகா. மேலே மதிப்புரை, கீழே 'வரவிருப்பவை'. அந்த மாதம் வரவிருப்பது எதுவும் இல்லை. தபால் எடுக்கப் பத்து நிமிஷம்தான் இருந்தது.

எழுதினார்: 'காசிநாதனின் முதல் பத்து நகர்வுகள் என்ற நூலின் இரண்டாம் பாகம் விரைவில் வெளிவரும் என்று தெரிகிறது. முதல் பாகத்தில் சரியாகச் சொல்லப்படாத கறுப்புக் காய்களின் பதிலாட்டம் இதில் விரிவாக இடம்பெறும்.'

காசிநாதன் யாரென்று அவருக்குத் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன்பு அந்த முதல் பாகத்தைத் துரைக்கண்ணு மதிப்புரைக்கு அனுப்பியிருந்தார். 'நூலாசிரியர் கறுப்புக் காய் ஆடியே பழகாதவர் போலும்' என்று வீரபத்திரன் கிழித்திருந்தார். துரைக்கண்ணு ஒரு கமா கூட மாற்றாமல் அதை அச்சிட்டார். முதல் பாகம் என்று ஒன்று இருந்தால் இரண்டாம் பாகம் வராமலா போகும் என்று நினைத்துக்கொண்டு கார்டைப் பெட்டியில் போட்டார்.

இதழ் வெளிவந்த ஒரு வாரத்தில் அவர் வீட்டு விலாசத்துக்கு முப்பது கடிதங்கள் வந்தன. எப்போது வரும், எங்கே கிடைக்கும், ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை வெள்ளை நகர்த்தினால் என்ன செய்வது என்று அதில் உண்டா?

"இன்னாங்க இது, கல்யாணத்துக்கு மொய் வர மாதிரி வந்துக்கினு இருக்குது?" என்றாள் மனைவி அம்சா.

"ஒண்ணுமில்ல. நானே அடக்கிடறேன்."

காகிதத் தட்டுப்பாட்டால் புத்தகம் தாமதமாகிறது என்று துரைக்கண்ணுவுக்கு எழுதிப்போட்டார். எழுபத்து நாலாம் வருஷம் அது. பள்ளிக்கூட நோட்டுக்கே காகிதம் கிடைக்காத காலம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

சந்தேகப்படவில்லை. துரைக்கண்ணு அந்தச் செய்தியைக் கட்டம் கட்டிப் போட்டார். பத்தாம் நாள், சதுரங்கப் பைத்தியமான வாலாஜாபாத் காகித வியாபாரி ஒருவர் பஸ் கூரையில் ஆறு கட்டுக் காகிதம் ஏற்றி அனுப்பிவிட்டார். கூடவே ஒரு சீட்டு: 'காசிநாதன் ஐயாவுக்கு என் காணிக்கை.'

காகிதம் கூடத்தை அடைத்துக்கொண்டது. அம்சா அதன்மேல் உட்கார்ந்து காய் நறுக்க ஆரம்பித்தாள்.

"உண்மையச் சொல்லிடுங்களேன்."

"படிக்காத புஸ்தகத்தப் பத்தி ஒரு வரி எழுதினவன் இல்லன்னு ஊரெல்லாம் பேரு எனக்கு. இப்ப இல்லாத புஸ்தகத்தப் பத்தி எழுதினேன்னு சொல்லச் சொல்றியா?"

காசிநாதனுக்கு உடல்நலமில்லை என்று அடுத்த கார்டை எழுதினார்.

அதற்கு லேகியம் வந்தது. விபூதி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு பை சாத்துக்குடியுடன் அரக்கோணத்திலிருந்து ஒரு பெரியவரே வந்துவிட்டார். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், பெயர் சிட்டிபாபு.

"காசிநாதன் எந்த ஆஸ்பத்திரில இருக்காரு சார்?"

"ஆஸ்பத்திரி இல்லீங்க. திருமுக்கூடல்ல, சொந்தக்காரங்க வீட்ல."

"பஸ்ஸு போவுதே. போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"ஆத்துல வெள்ளங்க. போக முடியாது."

"பங்குனி மாசத்துலயா?"

உள்ளே அம்சா இருமினாள். வீரபத்திரன் வேட்டி நுனியைத் திருகினார். சிட்டிபாபு வேறெதுவும் கேட்காமல் பையைக் கீழே வைத்தார்.

"நாப்பது வருஷமா கறுப்புக் காய் வெச்சா தோத்துக்கினே இருக்கேன் சார். என் மச்சான் ஒருத்தன். தெனம் வெள்ளையத்தான் எடுப்பான், ஜெயிச்சுட்டு சிரிப்பான். எனக்கு எழுவத்திரண்டு ஆவுது. ஒரு தடவ அவன் சிரிக்காம எழுந்து போறதப் பாக்கணும். அந்தப் பாகம் வருமில்ல?"

அந்த முகத்தைப் பார்த்து வீரபத்திரனால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

"எழுதி முடிச்சுட்டாருங்க. அச்சுக்குப் போகவேண்டியதுதான் பாக்கி."

சிட்டிபாபு அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். திரும்பிப் போனவர் அதை அப்படியே துரைக்கண்ணுவுக்கும் எழுதிவிட்டார். அடுத்த இதழின் அட்டையில் பெரிய எழுத்தில் வந்தது: 'இரண்டாம் பாகம் தயார். கையெழுத்துப் பிரதியை நம் வீரபத்திரன் கண்ணால் கண்டார்.'

அம்சா அட்டையைப் படித்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். "காசிநாதன் எழுதலன்னா யாரோ ஒருத்தரு எழுதித்தானே ஆவணும். நீங்க எழுதுங்க."

எழுதினார். தினமும் விடியற்காலையில் காகிதக் கட்டின்மேல் பலகையை வைத்து, அம்சாவை வெள்ளைக் காய் ஆடச் சொல்லி, கறுப்புக்குப் பதில் தேடினார். அவள் குழம்பைக் கிளறிவிட்டு வந்து எதையாவது நகர்த்துவாள்.

"அந்த எடத்துல யாரும் குதிரைய வெக்க மாட்டாங்க, அம்சா."

"நான் வெச்சிட்டேனே. இப்ப இன்னா பண்ணுவீங்க?"

அதற்குப் பதில் கண்டுபிடிக்க அவருக்கு நான்கு நாள் ஆயிற்று. அது தனி அத்தியாயமே ஆனது.

ஒவ்வொரு பக்கத்தை முடித்ததும் தான் எழுதிய மதிப்புரைகளே ஞாபகத்துக்கு வந்து குத்தின. 'விளக்கம் போதாது.' 'உதாரணம் பழையது.' பதினோரு வருஷத்தில் எத்தனை பேரை இப்படிப் பேசியிருக்கிறோம் என்று நினைத்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. முகம் தெரியாத காசிநாதனிடம் மனசுக்குள் பலமுறை மன்னிப்புக் கேட்டார். அந்த மனிதரின் பெயரில் புத்தகம் போட அவர் சம்மதம் வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

முதல் பாகம் அச்சானது சின்னக் காஞ்சிபுரத்தில், லோகாம்பாள் என்ற அம்மாள் நடத்திய சின்ன அச்சகத்தில். ஆறு கட்டுக் காகிதத்தையும் ரிக்‌ஷாவில் ஏற்றி, தான் எழுதி முடித்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அங்கே போனார். லோகாம்பாள் கண்ணாடியை மூக்கில் இறக்கி ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான்கு வரியில் ஆரம்பித்து, காகிதம், லேகியம், சாத்துக்குடி வரைக்கும் ஒன்றையும் மறைக்கவில்லை.

"காசிநாதன் விலாசம் குடுங்கம்மா. கால்ல விழுந்தாவது சம்மதம் வாங்கிடறேன். அவர நான் கண்டபடி எழுதியிருக்கேன். என்ன திட்டினாலும் கேட்டுக்கறேன்."

லோகாம்பாள் நோட்டை வாங்கிப் புரட்டினாள். நிதானமாகப் பக்கங்களை எண்ணினாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"எந்தக் காசிநாதன் சார்? மொதப் பாகம் எழுதினது உங்க எடிட்டரு துரைக்கண்ணு. அவரும் வராத புஸ்தகத்த வருதுன்னு பத்திரிகைல போட்டுட்டு, மெட்ராஸ்ல யாருக்கும் தெரியக்கூடாதுன்னு இங்க வந்து, இதே மாதிரி அழுவாத கொறையா ஒக்காந்திருந்தாரு."