இடியண்ணன் பேசிய பேரம்

"அண்ணே, மன்னிப்புக் கேக்குறீங்களா, இல்ல வீட்டக் காலி பண்ணச் சொல்றீங்களா?"

கண்ணாடிக்கு அப்பாலிருந்து டப்பிங் இயக்குநர் அம்மாள் கேட்டார். மைக் முன்னால் நின்ற இடியண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒன்பதாவது டேக்.

வெளிநாட்டுத் தொடர் ஒன்றின் சூப்பர் ஹீரோவுக்கு நாலு வருஷமாக அவர்தான் தமிழ்க் குரல். பறப்பது, பஸ்ஸைத் தூக்குவதெல்லாம் இந்த ஹீரோவுக்கு வராது. அடிபட்டவரைத் தொட்டால் அவர் வலி இவனுக்கு வந்துவிடும், அவ்வளவுதான். வாயை மூடிய முகமூடி வேறு. ஆக, மூன்று சீசன்களை இடியண்ணன் அலறியே ஓட்டிவிட்டார். ஒரிஜினல் குரல் காதில் விழுந்தால் தன் குரல் கெட்டுப்போகும் என்று ஹெட்போனைக் கழுத்தோடு நிறுத்திவிடுவார். வசனத் தாளும், பேசச் சொல்லும் சிவப்பு விளக்கும் போதும் அவருக்கு.

நாலாவது சீசனில் வந்தது வினை. ஊரார் காயத்தையெல்லாம் எடுத்தவனுக்கு, தான் உண்டாக்கிய காயத்தை மட்டும் எடுக்க வரவில்லை. "நானும் உங்கள மாதிரி ஆகணும்" என்ற மகளைப் பார்த்து ஒருநாள் சிரித்துவிட்டான். இப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஒன்றும் நடக்கவில்லை. தாளில் ஒரே வரி: "நான் சிரிச்சது தப்பு. மன்னிச்சிடும்மா."

இடியண்ணனுக்கும் ஒரு மகள் உண்டு. "நானும் உங்க தொழிலுக்கு வரேம்ப்பா" என்று விருந்தாளிகள் நடுவே அவள் சொன்னபோது, கூரை அதிரச் சிரித்தவர் அவர். அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள்தான். இரண்டு வருஷமாகத் தினம் "சாப்பிட்டியா?" என்று செய்தி அனுப்புகிறார். பதில் வந்ததில்லை. அதற்கு மேல் ஒரு சொல் கூட்டி அனுப்ப அவருக்கும் கை வந்ததில்லை.

"இன்னிக்கு வரலேன்னா வேற குரல் பாக்கச் சொல்லிட்டாங்கண்ணே" என்றார் இயக்குநர்.

இடியண்ணன் குரலைத் தணித்துப் பேசிப் பார்த்தார்.

"இது மன்னிப்பு இல்ல, பல்வலிண்ணே."

"கோளாறு வசனத்துல இருக்கு மேடம். எந்த அப்பன் இப்படிப் பேசுவான்? 'சாப்பிட்டியாம்மா'ன்னு மாத்தச் சொல்லுங்க. எல்லாம் அதுக்குள்ள அடக்கம்."

இயக்குநர் வசனம் எழுதியவருக்குச் செய்தி அனுப்பினார். உடனே பதில்: "முடியாது. 'நாலு பேர் முன்னாடி' என்பதையும் சேர்க்கவும்."

இடியண்ணன் இறங்கி வந்தார். "சரி, 'தப்பு' இருக்கட்டும். 'மன்னிச்சிடு'வ மட்டும் தள்ளிக் குடுக்கச் சொல்லுங்க."

பதில்: "'மன்னிச்சிடும்மா' இரண்டு தடவை."

பேரம் பேசப் பேச விலை ஏறுகிற கடையை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

"யாரு மேடம் அது? கல்நெஞ்சு!"

"புது ஆளுண்ணே. பிடிவாதம். இன்னொரு தடவ கேட்டீங்கன்னா கால்ல விழுற மாதிரி எழுதிருவாங்க. பேசிடுங்க."

சிவப்பு விளக்கு எரிந்தது. இடியண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். எழுத்து மங்கியது, திரையில் அந்தப் பெண்ணின் முதுகு மட்டும் தெரிந்தது. பெட்டியோடு வாசலைத் தாண்டிய முதுகும் அப்படித்தான் விறைத்திருந்தது.

"நாலு பேர் முன்னாடி சிரிச்சேன். தப்பு. மன்னிச்சிடும்மா."

மூச்சு வாங்கினார். இரண்டாவது "மன்னிச்சிடும்மா" வெறும் காற்றாகத்தான் வந்தது. இடி போய், மழை மட்டும் மிச்சமிருந்தது.

இயக்குநர் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி அறையை விட்டு வெளியே போனார்.

இடியண்ணன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அப்பால் உட்கார்ந்திருந்த சவுண்ட் இன்ஜினியரைப் பார்த்தார். "நீளம் ஒரிஜினலோட பொருந்துச்சா தம்பி?"

"பொருந்துறதுக்கு அங்க என்னண்ணே இருக்கு? ஒரிஜினல்ல அந்த ஹீரோ கடைசி வரைக்கும் வாயே திறக்கல. இதெல்லாம் உங்க பொண்ணு எழுதிச் சேர்த்தது."