ஏழு விநாடி முகப்பும் தண்ணீர் மோட்டாரும்

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய அண்ணா அவர்களுக்கு, தம்பி வணங்கி எழுதிக்கொண்டது.

இங்கே நான், என் மனைவி, உங்கள் செல்லமாகிய என் மகள், மூவரும் நலம். அங்கே நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். அண்ணியின் தோள்வலி இதற்குள் இறங்கியிருக்க வேண்டும். என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று மருத்துவர் சொல்கிறார், என் மனைவி நம்பவில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீங்கள் ‘அப்புறம்?’ என்று மூன்று முறை கேட்டுவிட்டு வைத்துவிடுவீர்கள். எனக்கு அந்த அப்புறத்துக்கு அப்புறம்தான் பேச்சே வரும். ஆகையால் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கிடங்கு அலுவலகத்தில், ஜன்னலோர மேஜைக்கு முன்னால், என் மகளுக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறீர்கள். வருகிற ஒன்றாம் தேதி அவள் வந்து அதில் உட்கார்ந்து, உள்ளே வந்த சரக்கு எது, வெளியே போன சரக்கு எது என்று கணினியில் பதிய வேண்டும் என்பது ஏற்பாடு. அண்ணா, அவள் வரமாட்டாள். கோபித்துக்கொள்ளாதீர்கள், கொஞ்சம் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. போன முறை வீட்டுக்கு வந்தபோது அவள் செய்கிற வேலையைப் பார்த்து நீங்கள் ‘பொம்மைப் படம்’ என்று சொன்னதை நான் மறக்கவில்லை. பெற்ற மனம் பற்றி எரிந்தது. நாற்காலி கொடுத்தீர்கள், சரி, நம்பிக்கை கொடுத்தீர்களா? வாய் நிறைய ஒரு வாழ்த்துச் சொன்னீர்களா? இதையெல்லாம் நேரில் கேட்க எனக்குத் தைரியம் கிடையாது என்பது சின்ன வயதிலிருந்தே உங்களுக்குத் தெரியும். அதனால்தான் தபால்தலை ஒட்டிக் கேட்கிறேன்.

அது பொம்மைப் படம் அல்ல. இணையத்தில் எந்த வீடியோவைத் திறந்தாலும் முதலில் ஒரு பெயர் பளபளவென்று சுழன்று வந்து நிற்கிறதே, அந்த முகப்பு. அதை என் மகள் ஆளுக்கு ஒன்றாகச் செய்து கொடுப்பதில்லை. ஒரே ஒரு டெம்ப்ளேட் செய்து, அதற்கென்று இருக்கிற இணையக் கடையில் வெளியிடுகிறாள். வாங்குகிறவர் தன் பெயரைத் தட்டி, பிடித்த நிறத்தை வைத்து, தன் சின்னத்தைச் செருகிக்கொண்டால் முடிந்தது வேலை. எங்கள் டிப்போவில் விடுப்பு விண்ணப்பத்தை அச்சடித்துக் கட்டாக வைத்திருப்போம், பெயரும் தேதியும் காரணமும் நிரப்பினால் போதும். இதுவும் அதேதான், தீப்பொறி மட்டும் கூடுதல். ஆரம்பத்தில் எனக்கும் விளங்கவில்லை. முப்பத்தொரு வருஷம் பேருந்து டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்தவன் நான், வண்டி இரண்டு நிமிடம் தாமதித்தால் ஓட்டுநரை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்டவன். “மொத்தம் எவ்வளவு நேரம்மா ஓடும்?” என்று கேட்டேன். “ஏழு செகண்டுப்பா” என்றாள். “எத்தனை நாளா செய்யற?” “ஏழு வாரமா.” வாரத்துக்கு ஒரு விநாடி! இந்த வேகத்தில் எங்கள் வண்டி எதுவும் டிப்போ வாசலைக்கூடத் தாண்டியிருக்காது என்று சொன்னேன்.

காரணம் பிறகுதான் புரிந்தது. கடையில் இருக்கிற மற்ற டெம்ப்ளேட்டுகளில் நம் எழுத்தைத் தட்டிப் பார்த்திருக்கிறீர்களா? எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்து வரும்போது ‘கோ’ என்கிற எழுத்தில் கொம்பு ஒரு பக்கமிருந்தும் கால் இன்னொரு பக்கமிருந்தும் வர, நடுவில் ‘க’ திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கிறது. புள்ளியெல்லாம் தனியாகக் கொட்டுகிறது. எல்லாம் வந்து ஒன்றுகூடுவதற்குள் முகப்பே முடிந்துபோகிறது. என் மகளின் டெம்ப்ளேட்டில் கொம்பும் காலும் புள்ளியும் கைகோத்துக்கொண்டு முழு எழுத்தாக வருகின்றன. அதற்குத்தான் ஏழு வாரம். குளியலறைக்குப் பக்கத்தில் பழைய சாமான் போட்டு வைத்திருந்தோமே, அந்த அறையில் இரண்டு காதிலும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால் கேட்காது, தட்டை மூக்குக்குக் கீழே கொண்டுபோய் நீட்டினால்தான் திரும்புவாள். “இந்த மாசம் முப்பதுக்குள்ள இது வெளிய வரலைன்னா, ஒண்ணாந்தேதி பெரியப்பா ஆபீஸ்ல போய் உக்காந்துடறேன்” என்று அவளே ஒருநாள் சொன்னாள். சொன்னபோது குரல் சரியாக இல்லை. அன்று எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

கடைக்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. யார் எதைக் கொண்டுபோனாலும் ஒரு பரிசோதகர் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் வெளியே விடுவார்கள். முதல் முறை அனுப்பினாள், பின்னணி இசை யாருடையது என்று எழுதவில்லை என்று திரும்பி வந்தது. இரண்டாம் முறை அனுப்பினாள், நீளமான பெயர் கொடுத்தால் கட்டத்துக்கு வெளியே ஓடுகிறது என்று திரும்பி வந்தது. பாவம், அவள் நாலெழுத்துப் பெயராகவே போட்டுப் பார்த்திருக்கிறாள். “நீளமா ஒரு பேரு சொல்லுங்கப்பா” என்றாள். கரும்பு தின்னக் கூலியா? “ஓய்வுபெற்ற பேருந்துப் பணியாளர் நலச் சங்கம்” என்றேன், நான் துணைச் செயலாளராக இருக்கிற சங்கம். தட்டினாள். ‘ஓய்வுபெற்ற’ இடப்பக்கச் சுவருக்குள் போய்விட்டது, ‘சங்கம்’ வலப்பக்கம் யார் வீட்டிலோ விழுந்தது. மூன்று நாள் முட்டி மோதி, எவ்வளவு நீளமாகத் தட்டினாலும் எழுத்து தானே சிறுத்துக் கட்டத்துக்குள் அடங்கும்படி செய்துவிட்டாள். எங்கள் சங்கம் அப்படி ஒழுங்காக ஒரே வரிசையில் நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நிறம் மாற்றுகிற இடத்தில் பதினாறு நிறம் வைத்திருந்தாள், காக்கி இல்லை. எழுத்து மூலம் ஒரு குறிப்புக் கொடுத்தேன். மறுநாள் பதினேழாவதாகக் காக்கி வந்து உட்கார்ந்தது. இதுவரை யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, ஆனால் இருக்கிறது. அன்றே என்னைப் பரிசோதனைப் பிரிவுக்குத் தலைவராக நியமித்தாள். வாய்மொழி உத்தரவுதான், இருந்தாலும் உத்தரவு உத்தரவுதானே.

இருபத்துநாலாம் தேதி காலை, மூன்றாம் முறை அனுப்ப எல்லாம் தயார். “அப்பா, கடைசியா ஒரு தடவை நீங்களே திறந்து, நீங்களே பேரை மாத்தி, நீங்களே சேவ் பண்ணிப் பாருங்க. என்னைக் கேக்காம நீங்க செஞ்சுட்டீங்கன்னா உலகத்துல யாரு வேணா செஞ்சுடலாம்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். இதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். உட்கார்ந்தேன், திறந்தேன். கட்டத்தில் ‘உங்கள் பெயர் இங்கே’ என்று இருந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, தொட்டி நிரம்ப இன்னும் இருபது நிமிடம், எனக்கோ சங்கக் கூட்டத்துக்கு நேரமாகிறது, மனைவி கடைக்குப் போயிருக்கிறாள். மகள் குளித்துவிட்டு வந்தால் எதைப் பார்ப்பாள்? சுவரில் சீட்டு ஒட்டினால் பார்க்கமாட்டாள், கதவில் எழுதி வைத்தால் பார்க்கமாட்டாள், நேராக வந்து திரையைத்தான் பார்ப்பாள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று, அந்தக் கட்டத்தில் ‘தண்ணி மோட்டாரை நிறுத்து’ என்று தட்டி, அவள் சொன்னபடியே சேவ் செய்துவிட்டுக் கிளம்பினேன். எவ்வளவு சுலபம் தெரியுமா அண்ணா, ஒருவரையும் கேட்கவில்லை. அவள் வந்தாள், பார்த்தாள், மோட்டாரை நிறுத்தினாள், அப்பாவே செய்துவிட்டார் என்று பூரித்துப்போய் அப்படியே அனுப்பியும் விட்டாள். நான் தனியாக ஒரு நகல் எடுத்து அதில் தட்டியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டாளாம். நான் எதற்கு நகல் எடுக்கிறேன்? அசலிலேயே தட்டியிருந்தேன்.

பரிசோதகருக்குத் தமிழ் தெரியாது. பொன்னிற எழுத்து, சுற்றிலும் தீப்பொறி, பின்னால் முரசு முழக்கம். ஏதோ பெரிய நிறுவனத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. இருபத்தாறாம் தேதி ஒப்புதல் வந்துவிட்டது. வீடு முழுக்கக் கும்மாளம். மறுநாள் காலை, டெம்ப்ளேட்டை வாங்கிய ஒருவரின் வீடியோவை மகள் ஆசை ஆசையாகத் திறந்தாள். அவர் ஒரு பல் மருத்துவர். திரை இருட்டாகிறது, முரசு அதிர்கிறது, பொறி பறக்கப் பறக்க ‘தண்ணி மோட்டாரை நிறுத்து’ என்று வந்து நிற்கிறது, அதன் பிறகு மருத்துவர் தோன்றி, “வணக்கம், இன்னைக்குச் சொத்தைப் பல்லைப் பத்திப் பார்ப்போம்” என்கிறார். பெயரை மாற்றவே இல்லை மனிதர். அடுத்தது ஒரு தையல் ஆசிரியை, அதே கதை. அதற்கடுத்தது பழைய கார் விற்கிறவர், அவர் நிறத்தை மட்டும் அக்கறையாகப் பச்சைக்கு மாற்றியிருந்தார். என் மகள் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். “போச்சுப்பா, புகார் வந்தா தூக்கிடுவாங்க. ஒண்ணாந்தேதி எனக்கு நாற்காலிதான்” என்று அழுதாள். “யாரு இதைத் தட்டினது?” என்று மனைவி கேட்டாள். நான் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க மாடிக்குப் போய்விட்டேன். அரை மணி நேரம் பார்த்தேன், நிறையத்தான் இருந்தது.

கீழே இறங்கி வந்தபோது அழுகை நின்றிருந்தது. மகள் திரையைக் காட்டினாள். பல் மருத்துவரின் வீடியோவுக்குக் கீழே ஜனங்கள் எழுதியிருந்தார்கள். “டாக்டர், நிஜமாவே மறந்துட்டேன், ஓடிப்போய் நிறுத்திட்டு வந்தேன், ரொம்ப நன்றி.” “எங்க வீட்டுக்காரருக்கு அனுப்பிட்டேன், இனிமே தினமும் பாக்கட்டும்.” மருத்துவரே வந்து பதில் போட்டிருந்தார்: “மாத்தணும்னுதான் இருந்தேன். ஆனா பல்லுக்கு வர்றவங்களைவிட மோட்டாருக்கு வர்றவங்கதான் ஜாஸ்தி. அப்படியே இருக்கட்டும்.” சிரிக்க வந்த கூட்டம், இந்த முகப்பு யார் கைவேலை என்று தேடிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டது. ஆனால் அண்ணா, சிரிக்க வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களைப் பிடித்து நிறுத்தியது என் மகளின் வேலை. ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதியிருந்ததை நான் என் டைரியில் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன்: “பத்து டெம்ப்ளேட் வாங்கிப் பார்த்தேன், எல்லாத்துலயும் என் பேரு உடைஞ்சு உடைஞ்சு வந்துச்சு. இதுலதான் முதல் தடவையா முழுசா வந்துச்சு. செஞ்சவங்க கை நல்லா இருக்கட்டும்.” அன்று சாயங்காலத்துக்குள் ‘உங்கள் பெயர் இங்கே’ என்று திருத்திய பதிப்பை வெளியிட்டுவிட்டாள். அதற்குள் ஏழெட்டுப் பேர் பழையதே வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள், அது வேறு விஷயம். இன்று தேதி இருபத்தொன்பது. கடையின் புதுவரவுப் பட்டியலில் என் மகளுடையதுதான் முதலில் நிற்கிறது. எத்தனையோ பேரை வேலை வாங்கியிருக்கிறேன், எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். தொழில் தெரிந்தவர்களில் நான் பார்த்த முதல் ஆள் என் மகள்தான். இதை நெஞ்சில் கை வைத்து எழுதுகிறேன். நீங்களும் அவளை நம்பியிருக்கலாம் அண்ணா, நம்பியிருந்தால் குறைந்தா போயிருப்பீர்கள்?

ஆகவே அந்த ஜன்னலோர நாற்காலியில் வேறு நல்ல ஆளாகப் பார்த்து உட்காரவைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் உட்கார நாற்காலி இருக்கிறது. அண்ணிக்கு என் வணக்கத்தையும், தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்படி என் மனைவி சொன்னதையும் சொல்லவும். பிள்ளைகளுக்கு என் அன்பும் ஆசியும். பெரியவர் நீங்கள், தூரத்திலிருந்தே எங்களை ஆசீர்வதிக்க வேண்டும். முடிந்தால் கொஞ்சம் திருந்தவும் வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லைத் தட்டாத தம்பி

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் பிழை பார்க்கச் சொல்லிக் கடிதத்தை மகளிடம் கொடுத்தேன். அவள் நேராகச் சமையலறைக்குப் போய் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. “பொம்மைப் படம்னு சொன்னது அண்ணன் இல்லைங்க, நீங்க. அவரு அவ பக்கத்துல உக்காந்து, இதை எப்படிம்மா செய்யறேன்னு கேட்டுட்டு இருந்தாரு” என்றாள் மனைவி. நாற்காலியும் நீங்களாகப் போட்டதில்லையாம். நான்தான் மூன்று தடவை போன் செய்து, அவளை எங்கேயாவது உட்காரவைத்துவிடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேனாம். மகளோ போன மாதமே உங்களிடம் பேசிவிட்டாளாம். “நாற்காலி எங்கயும் ஓடிடாது. உங்கப்பன் கேட்டானேன்னு போட்டேன், நீ உன் வேலையைப் பாரு பாப்பா” என்று நீங்கள் சொன்னீர்களாம். வெளியான அன்றைக்கு முதலில் கூப்பிட்டு வாழ்த்தியதும் நீங்கள்தானாம். “இன்னும் ஒரு வார்த்தை சொல்லாதது நீங்க ஒருத்தர்தாம்ப்பா” என்றாள் மகள், கோபமே இல்லாமல். யோசித்துப் பார்த்தேன். உங்களுக்கு ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன், அவளிடம் ஒரு வரி சொல்லவில்லை. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், “சாப்ட்டியாம்மா?” என்றுதான் வந்தது. “பரவால்லப்பா, என்னைப் பாராட்டி எழுதியிருக்கீங்களே, அந்த ஆறாவது பக்கத்தை மட்டும் நான் ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கறேன்” என்றாள். திரும்ப எழுத நேரமில்லை அண்ணா, நாலரை மணிக்குத் தபால் எடுத்துவிடுவார்கள். எனவே இந்தக் கடிதத்தில் எங்கெல்லாம் உங்களைக் குறை சொல்லியிருக்கிறேனோ, அங்கெல்லாம் உங்கள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளவும். மற்றதெல்லாம் அப்படியே பொருந்தும்.