மைத்துனரை அழித்த மதியம்

வேலையைச் சீக்கிரம் முடிப்பதுதான் திறமை என்று நம்பிய வயது ஒன்று எனக்கும் இருந்தது. அந்த வயதில் என்னிடம் ஒரு கம்ப்யூட்டரை ஒப்படைத்தது உத்திரமேரூர் நெல் மண்டி முதலாளியின் தவறு. மற்றதெல்லாம் என் தவறு.

எண்பதுகளின் கடைசி. முதலாளியின் மகளுக்குக் கல்யாணம். மண்டிக்கு நெல் போடுபவர்களின் பெயர் அட்டவணையிலிருந்தே பத்திரிகை உறைகளுக்கு விலாசம் அச்சிடுவதாக ஏற்பாடு. அந்த உறைகளோடுதான் வேன் ஊர் ஊராகப் போகும். அதற்குமுன், நெல் போடுவதை நிறுத்திவிட்டவர்களை நீக்க வேண்டும்.

"ஒண்ணொண்ணா தூக்கு. நான் பக்கத்துல குந்திக்கினு பாக்குறேன்," என்றார் முதலாளி.

ஒரு பெயரை நீக்கினால், அவருடைய பழைய நெல் வரவுகளையும் இன்னொரு அட்டவணையில் தேடி நீக்கிய பிறகுதான் இயந்திரம் அடுத்த பெயருக்கு வரும். (எருமை குட்டையிலிருந்து எழுந்து வருவதுபோல.) முதலாளி கொட்டாவி விட்டபடி சாப்பிடப் போனார். எனக்குள் மேதை விழித்துக்கொண்டான். போக வேண்டியவர்களை எதற்கு ஒவ்வொருவராக நீக்க வேண்டும்? அந்த வருஷம் நெல் போட்டவர்களை மட்டும் புது அட்டவணைக்கு நகலெடுத்துவிட்டு, பழையதை மொத்தமாக அழித்துவிட்டால் போயிற்று!

முதலாளி கை கழுவிவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது.

"இன்னாடா, அதுக்குள்ளயா!" என்று வியந்தவர், போண்டா வாங்கித் தந்தார். (வெட்கமில்லாமல் தின்றேன்.)

கல்யாணத்தன்று காலையில் முதலாளியின் மனைவி கூட்டத்துக்குள் தேடிக்கொண்டே வந்தார். "இன்னாங்க, திருப்புலிவனத்து அண்ணனைக் காணோமே. வூட்டுக்குப் பத்திரிகை போச்சா இல்லியா?"

முதலாளி என்னைப் பார்த்தார். அந்த அண்ணன் முதலாளியம்மாளின் பெரியப்பா மகன்; முதலாளிக்கு மைத்துனர். கிணறு வற்றியதால் அந்த வருஷம் பயிர் வைக்கவில்லை. அதனால் மண்டிக்கு நெல் வரவில்லை. அதனால் என் புது அட்டவணையில் அவர் இல்லை. முதலாளி பக்கத்தில் இருந்திருந்தால் அந்தப் பெயர் வந்ததும் என் கையைப் பிடித்திருப்பார்.

மொபெட்டில் பறந்தேன். அவர் காலையிலேயே குளித்து, கரைவேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, கம்ப்யூட்டர்ல தப்பாயிடுச்சி. அம்மா கூட்டிக்கினு வரச் சொன்னாங்க."

"தப்பு இன்னாப்பா கீது? நெல்லு போடாதவன் சோறு திங்க வரலாமா?" என்று சிரித்தார். எனக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தார். அவர் வரவில்லை.

தாலி கட்டும்போதுகூட அம்மாளின் கண் வாசலிலேயே இருந்தது. பிற்பாடு அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கல்யாணப் படங்கள் எதிலும் அவர் இல்லை. அதைச் சரிசெய்ய எந்தக் குறுக்குவழியும் எனக்குத் தெரியவில்லை.

இப்போதும் பரணைச் சுத்தம் செய்ய நான் ஏறினால், கீழேயிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள்: "மொத்தமா வாரிக் கொட்டிடாதீங்க, உள்ள யாரு அண்ணனாச்சும் கீறாரான்னு பாருங்க!" பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் ஒவ்வொன்றாகத்தான் எடுத்துப் பார்க்கிறேன்.