ஊளையிட்ட வெண்டிலேட்டர்

தொண்ணூற்றெட்டு மார்கழியில் ஆரணியில் பட்டுப் புடவையைவிட அதிகமாகப் பேசப்பட்டது ஒரு பேய். நெசவாளி தமிழ்வாணன் வீட்டுத் தறிக்கூடத்தில், சுவரின் உச்சியில் இருந்த வெண்டிலேட்டரில் அது குடியிருந்தது. "ஊ..." என்று அழும். அதைக் கேட்கச் சேவூரிலிருந்தும் தேவிகாபுரத்திலிருந்தும் டவுன் பஸ் பிடித்து வந்தார்கள். வாசலில் சுண்டல் வண்டிகூட வந்துவிட்டது. உயிரோடு இருக்கிற நெசவாளியை எட்டிப் பார்க்க எவனும் பஸ் ஏறியதில்லை.

பேய்க்கு மொழிபெயர்ப்பாளர் வாயு சித்தர் சுப்பராயலு. உடுக்கை அடித்துக் கேள்வி கேட்பார். ஆமாம் என்றால் ஊளை. இல்லை என்றால் மௌனம். கல்யாணம், வியாதி, காணாமல் போன மாடு, எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. காணிக்கை பட்டுப் புடவை. ஜரிகை அகலமாக இருந்தால்தான் பிடிக்குமாம். செத்த பிறகும் பார்டர் பார்க்கிற பேய்!

இதில் மாட்டிக்கொண்டவள் தமிழ்வாணனின் புது மனைவி ஹேமலதா. அடுப்புப் புகை தறிக்கூடத்துக்குள் வந்து பட்டு கறுக்கிறதென்று, சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட வைத்தவள் அவள்தான். அந்த மாதமே பேயும் வந்தது. மருமகள் காலடி வைத்த நேரம் என்று மாமியார் ஆதிலட்சுமி முடிவு கட்டிவிட்டாள்.

"இந்தப் பொண்ணு இங்க இருக்கணுமா, அம்மா வூட்டுக்கு சேவூருக்கே அனுப்பணுமான்னு வெள்ளிக்கிழமை கேட்டுடலாம்," என்றார் சித்தர்.

தமிழ்வாணன் தறியிலிருந்து தலை நிமிரவில்லை. ஹேமலதாவுக்கு அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது.

வியாழக்கிழமை, ஊளையின் நடுவில் கரண்ட் போனது. ஊளையும் நின்றது. "உக்கிரம் தணிஞ்சிடுச்சி!" என்றார் சித்தர். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கரண்ட் வந்தது, உக்கிரமும் வந்தது.

பேய்க்கு எதுக்குக் கரண்ட்?

ஹேமலதா சமையலறையை எட்டிப் பார்த்தாள். மடி என்று சொல்லி அவளை வெளியே அனுப்பிவிட்டு, சித்தரின் சீடர் கந்தசாமி உள்ளே உட்கார்ந்திருந்தார். கை, ஃபேன் ஸ்விட்சில். ஃபேன் இரைச்சலை உடுக்கைச் சத்தம் விழுங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வீடு நிரம்பியது. பேய் ஓடிவிடும் என்று சித்தர் வழக்கம்போல வாசற்கதவைச் சாத்த வைத்தார்.

"இந்தப் பொண்ணு போவணுமா? சொல்லு தாயி!"

"ஊ..."

ஆதிலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "கேட்டுகினல்லம்மா?"

"கேட்டேன் அத்தை, போறேன். போறதுக்கு முன்ன நானும் ஒரு கேள்வி கேட்டுக்கறேன்."

நேராகச் சமையலறைக்குப் போனாள். கதவை விரியத் திறந்தாள். "எழுந்திருங்க," என்றாள் கந்தசாமியிடம். ஸ்விட்சில் அவள் விரல்.

"தாயி, இந்தச் சித்தர் புளுகுறாரா?"

டக்.

"ஊ..."

"வாங்கின பட்டெல்லாம் அவரு வூட்டு பீரோலதான் இருக்குதா?"

"ஊ..."

"எங்க மாடும் அங்கதான் இருக்குதான்னு கேளும்மா!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். வீடே சிரித்தது.

"தெய்வக் குத்தம்!" சித்தர் கத்தினார். "ஸ்விட்சுக்கும் பேய்க்கும் இன்னா சம்பந்தம்?"

"அதையும் பாத்துடலாம். ஏங்க, அந்த ஜன்னலைத் தெறங்க."

தமிழ்வாணன் முதல்முறையாகத் தறியை விட்டு எழுந்தான். குளிருக்குச் சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்தான். ஃபேன் ஓடியது. ஊளை இல்லை. சாத்தினான். ஊளை. ஸ்டூலில் ஏறி வெண்டிலேட்டரில் பழந்துணியை அடைத்தான். பேய் வாயை மூடிக்கொண்டது.

"ஃபேன் காத்தை வெளிய தள்ளுது," என்றாள் ஹேமலதா. "உள்ள வர வெண்டிலேட்டர் ஓரமா விரிஞ்ச அந்த இடுக்கு ஒண்ணுதான் வழி. அதுல பூந்து வர்ற காத்து விசிலடிக்குது. அவ்ளோதான்."

சித்தர் ஜல்தியாகச் செருப்பைத் தேடினார். புடவை கொடுத்த பெண்கள் அதைவிட ஜல்தியாக வாசலை மறித்தார்கள். அன்றே பீரோ காலியானது.

மறுவாரம் கொத்தனார் வந்து விரிசலைப் பூசினார். சமையலறையில், ஃபேனுக்கு எதிர்ச்சுவரில், காற்று தாராளமாக வர ஒரு ஜன்னல் வைத்துக் கொசுவலை அடித்தார். புகை போயிற்று. ஆதிலட்சுமி புது ஜன்னலோரம் உட்கார்ந்து, "நல்லாத்தான் காத்து வருது" என்றாள். மன்னிப்பு அவ்வளவுதான். ஹேமலதா அதை வாங்கிக்கொண்டாள்.

சந்தவாசல் பக்கம் இப்போது ஒரு கிணறு பேசுகிறதாம். கேள்வி கேட்பவர் சுப்பராயலுதான். அங்கேயும் கூட்டமாம். சுவரில் விரிசல் விட்டால் கொத்தனாரைக் கூப்பிடத் தெரிந்த மகாஜனங்களே, புத்தியில் விரிசல் விட்டால் மட்டும் ஏனய்யா சித்தரைக் கூப்பிடுகிறீர்கள்?